ஒரே தட்டும் ஒரே ரேசரும்

எங்கள் ஆலத்தியூர்ப் பக்கம் அந்த நாளில் பல்வலி என்றால் கிராம்பு, உப்புத் தண்ணீர். அதற்கும் அடங்காவிட்டால் அரியலூருக்குப் பஸ். அங்கே டாக்டர் வெறுங்கையோடுதான் பல்லைப் பிடுங்குவார். இன்று கையுறையும் முகக்கவசமும் இல்லாத பல் டாக்டரே கிடையாது. இந்த மாற்றத்துக்குப் பெரிய காரணம், ரத்தத்தில் ஒளிந்திருக்கும் ஹெபடைடிஸ் பி என்ற காமாலைக் கிருமி.

1998-இல் என் தங்கை மகன் ஒரு பல் கிளினிக்கில் உதவியாளனாக இருந்தான். கருவிகளை வெறுங்கையால்தான் கழுவுவான். ரத்த தானம் செய்யப் போன இடத்தில் இந்தக் கிருமி இருப்பது தெரிந்தது. எங்கிருந்து தொற்றியது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வீட்டில் அவனுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், திண்ணையில் படுக்கை. பையன் யாரிடமும் பேசாமல் ஒடுங்கிப் போனான்.

அந்தக் கிருமியை முதலில் அடையாளம் கண்டவர் அமெரிக்கரான பாரூக் பிளம்பெர்க். 1960-களில் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் அதன் தடயம் கிடைத்தது. 1976-இல் அவருக்கு நோபல் பரிசு. பின்னாளில் அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜனோடு சேர்ந்து நம் கீழாநெல்லியை ஆராய்ந்தார். 1988-இல் லான்செட் இதழில் அது வெளிவந்தது. ஆனால் பிற இடங்களில் நடந்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை.

பல் டாக்டர்களுக்குப் பொதுமக்களைவிட இந்தத் தொற்று அதிகம் என்று அமெரிக்காவில் கண்டறிந்தார்கள். 1982-இல் தடுப்பூசி புழக்கத்துக்கு வந்தது. 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்கச் சுகாதாரத் துறை, எல்லா நோயாளியின் ரத்தத்திலும் கிருமி இருப்பதாகவே எண்ணி நடக்கச் சொன்னது. கையுறை கட்டாயமானது அப்படித்தான்.

கருவிகளைச் சுத்தம் செய்யும் ஆட்டோகிளேவ் அதற்கும் மூத்தது. புதுச்சேரியில் நான் பிரெஞ்சில் பாஸ்தர் பாடம் படித்தவன். அவருடைய உதவியாளர் ஷாம்பெர்லான் 1879-இல் செய்த கருவி அது. பிரஷர் குக்கர் மாதிரி, அழுத்த நீராவியில் கிருமியைக் கொல்லும்.

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சவரம் எதில் செய்றான்?" என்றார். அப்பாவும் மகனும் ஒரே ரேசர்!

"தட்டால ஒட்டாதுங்க. ரேசரையும் பல் பிரஷையும் பிரிங்க. காய்ந்த ரத்தத்தில்கூட இது ஏழு நாள் உயிரோட இருக்கும்" என்றார்.

ஆபத்தில்லாத தட்டைப் பிரித்தோம். ஆபத்தான ரேசரை விட்டுவிட்டோம். நல்லவேளை, மற்றவர்களுக்குத் தொற்றவில்லை. ஹைதராபாத்தில் தயாரான தடுப்பூசி முந்தைய ஆண்டுதான் விற்பனைக்கு வந்திருந்தது. ஆறு மாதத்தில் எல்லோரும் மூன்று ஊசி போட்டுக்கொண்டோம்.

அன்று இரவே அவன் எங்களோடு பந்தியில் உட்கார்ந்தான். தங்கை தன் கையாலேயே சோறு போட்டாள்.