மானும் தோட்டாவும் சட்டமும்

கடலூருக்குப் போய்வருகிறவர்களுக்குக் குண்டு சாலை தெரியும். குண்டு உப்பலவாடி என்று ஓர் ஊரும் அங்கே உண்டு. 1690-இல் செஞ்சியில் இருந்த மராட்டிய அரசர் ராஜாராமிடமிருந்து தேவனாம்பட்டினக் கோட்டையை ஆங்கிலக் கம்பெனி விலைக்கு வாங்கியது. பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள நிலமும் சேர்த்தி என்பது பேச்சு. கோட்டையிலிருந்து பல திசைகளிலும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்கு உட்பட்ட ஊர்களெல்லாம் கம்பெனி ஊர்களாகிவிட்டன. ஒரு குண்டு எவ்வளவு தூரம் போகும் என்பது எங்கள் மாவட்டத்தில் அன்றைக்கே அரசாங்க விஷயம். பின்னால் வேட்டைத் துப்பாக்கியும் அரசாங்க விஷயமாகத்தான் ஆனது. எந்த மிருகத்துக்கு எந்தத் தோட்டா என்பதை இந்த நாட்டில் பெரும்பாலும் முடிவு செய்தது மிருகத்தின் எலும்போ தோலோ அல்ல, ஆட்சியில் இருந்தவர்களின் பயம். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் காடாம்புலியூர்க்காரன். நெய்வேலிப் பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் அப்பாவிடம் பயிர்ப் பாதுகாப்பு உரிமத்தில் ஓர் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி இருந்தது. முந்திரித் தோப்புக்கும் மல்லாட்டைக் கொல்லைக்கும் காவல் போகும்போது எடுத்துப் போவார். கரு மருந்தை அளந்து குழல் வாய்க்குள் கொட்டி, தேங்காய் நாரைத் திணித்துக் கம்பியால் இடித்து, அதன்மேல் ஈயச் சில்லுகளைப் போட்டு, மறுபடி நார் அடைக்க வேண்டும். கடைசியில் குதிரைக்கு அடியில் கேப்பு பொருத்த வேண்டும். இவ்வளவும் ஒரே ஒரு வெடிக்கு. முப்பது நாற்பது அடிக்கு மேல் அதை நம்ப முடியாது என்பார். பன்றியை நோக்கிச் சுட்டதைவிட, விரட்டுவதற்காக வானத்தைப் பார்த்துச் சுட்டதே அதிகம். "காயம் பட்டு ஓடுனா, அது சாவுற வரைக்கும் நம்ம கணக்குலதாண்டா" என்று அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. துப்பாக்கிகளின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்ததும் அந்தச் சொல்லால்தான்.

மான் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். புள்ளிமானும் கடமானும் ஆண்டுதோறும் கொம்பை உதிர்த்து மீண்டும் வளர்ப்பவை. கொம்பை உதிர்க்காத இரலை இனம் வேறு. நம் நாட்டில் வெளிமான், சிங்காரா, நாற்கொம்பு மான், நீல்காய் ஆகியவை இந்த இனம். ஆசியாவிலேயே பெரிய இரலை நீல்காய்தான். கடா 200 கிலோவைத் தாண்டும். தமிழ்நாட்டுச் சமவெளிக்கு வாய்த்தது வெளிமான். கொம்பு முறுக்கிய கலை 40 கிலோ இருந்தாலே பெரிது. கோடியக்கரை, கிண்டி, மோயாற்றுப் பள்ளத்தாக்கு, தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாடு என்று இன்று சில இடங்களில்தான் அது மிஞ்சியிருக்கிறது.

துப்பாக்கிக்கு முன்னால் வெளிமானைப் பிடிக்கச் சிவிங்கிப்புலியைப் பழக்கினார்கள். சென்னை ஆளுநராக இருந்த ஜார்ஜ் பிகாட் 1764-இல் அப்படி ஒரு சிவிங்கிப்புலியை மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குப் பரிசாக அனுப்பினார். ஜார்ஜ் ஸ்டப்ஸ் என்ற ஓவியர் அதையும் உடன்போன இரண்டு இந்தியர்களையும் படமாக வரைந்திருக்கிறார். இதெல்லாம் அரசர் வேட்டை. கிராமத்து முறை வேறு. பழக்கிய கலையின் கொம்பில் சுருக்குக் கயிறு கட்டி மந்தைக்குள் விடுவார்கள். சண்டைக்கு வரும் காட்டுக் கலையின் கொம்பு சுருக்கில் மாட்டிக்கொள்ளும். மாட்டுவண்டியைக் கண்டு வெளிமான் மிரளாது என்பதால், நகரும் வண்டிக்குப் பின்னால் மறைந்து நடந்து சுடுகிற வழக்கமும் இருந்தது.

வெட்டவெளியில் மேயும் மிருகத்தை அதற்குமேல் நெருங்க முடியாது. பழைய உருண்டை ஈயக்குண்டு போகப்போக வேகம் இழந்து தாழும், விலகும். குழலுக்குள் முறுக்குத் தடம் வெட்டிய ரைஃபிள் வந்ததும் குண்டு சுழன்றுகொண்டு நேரே போனது. தடம் வெட்டுவது லேசான வேலையில்லை. முழு நீளத்துக்கும் ஒரே அளவாக முறுக்கு ஏற வேண்டும் என்றால் என்ன கஷ்டம் என்று கடைசல் இயந்திரத்தில் நின்றவர்களுக்குத் தெரியும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் எக்ஸ்பிரஸ் ரைஃபிள்கள் வந்தன. மருந்து அதிகம், குண்டு இலேசு, அதன் மூக்கில் ஒரு துளை. வேகமாகப் போய்ப் பட்டதும் விரிந்து சிதறும். சிறிய மானுக்கு அது போதும். பெரிய மிருகத்தின் தோளில் பட்டால் மேலோடு உடைந்து நின்றுவிடும். மிருகம் பெரும்புண்ணோடு ஓடிப்போய் நாட்கணக்கில் செத்துக்கொண்டிருக்கும். இலங்கையின் நுவரெலியாவில் சில ஆண்டுகள் வாழ்ந்து வேட்டையாடிய சாமுவேல் பேக்கர் இதை விடாமல் எதிர்த்தார். பெரிய மிருகத்துக்குத் துளையில்லாத முழு ஈயக்குண்டுதான் வேண்டும் என்று 1890-இல் வெளியான தன் புத்தகத்தில் வாதாடினார். வேட்டைக்காரர்கள் இன்றுவரை பேசுகிற வாதம் இதுதான். குண்டு விரியவும் வேண்டும், விரிவதற்கு முன் ஆழமாக இறங்கவும் வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்.

புகையில்லா மருந்து வந்ததும் சிக்கல் எதிர்ப்பக்கம் திரும்பியது. வேகத்தைத் தாங்க ஈயத்துக்கு உலோக உறை போட்டார்கள். படைத் துப்பாக்கியின் உறை மூடிய .303 குண்டு எதிரியைத் துளைத்துக்கொண்டு போய்விடுகிறது, ஆள் விழவில்லை என்று 1895 சித்ரால் படையெடுப்பிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் குறைப்பட்டார்கள். கல்கத்தாவை அடுத்த டம்டம் தொழிற்சாலையில் கேப்டன் பெர்ட்டி-க்ளே மூக்கில் உறையைக் கொஞ்சம் குறைத்து ஈயம் வெளியே தெரிய விட்டார். உடம்பில் பட்டதும் நுனி மழுங்கி அகன்றது. மனிதன்மேல் இதைப் பயன்படுத்துவது கொடுமை என்று 1899-இல் ஹேக் மாநாடு தடுத்தது. ஆனால் மிருகத்துக்கு அதே அமைப்பே கருணை. சட்டென்று கொல்வதால், பல நாடுகளில் மான் வேட்டைக்கு விரியும் குண்டுதான் சட்டம். முழு உறை போட்டது கூடாது.

இனி நம் நாட்டுச் சட்டம். 1878-இல் லிட்டன் காலத்து ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர்களுக்கு உரிமம் கட்டாயம், ஐரோப்பியர்களுக்கு விலக்கு. உழவன் கையில் வாய்வழி மருந்திடும் குழல்தான் இருக்கும். துரை கையில் இரட்டைக்குழல் ரைஃபிள். 1907-இல் இன்னொரு தடை வந்தது. படைத் துப்பாக்கிகளுக்கு உதவும் தோட்டாக்கள் கிளர்ச்சிக்காரர்கள் கையில் சிக்கக் கூடாது என்று .450 அளவையே இந்தியாவுக்குள் விடவில்லை. இங்கிலாந்துத் துப்பாக்கிக் கம்பெனிகள் இந்தியச் சந்தைக்காகவே .465, .470 என்று சற்று மாற்றிப் புதிய அளவுகளைக் கொண்டுவந்தன. .470 இன்றும் ஆப்பிரிக்காவில் பெயர் பெற்ற யானைத் தோட்டா. அது பிறந்ததற்கு யானையின் மண்டையோடு காரணமில்லை, தில்லியையும் கல்கத்தாவையும் ஆண்டவர்களின் அச்சம் காரணம்.

.303-க்கும் அதே கதை. பொதுமக்களுக்கு மறுக்கப்பட்டதால், ஆஸ்திரியாவின் 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டாவை ஒட்டி .315 என்ற அளவு இங்கே நிலைத்தது. இஷாபூர் தொழிற்சாலையின் .315 ரைஃபிள் இன்றும் வட இந்தியப் பண்ணை வீடுகளில் இருக்கிறது. சுதந்திர இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டமும் .303-ஐத் தடை அளவாகவே வைத்துக்கொண்டது. என் கணக்கில் .315 கெட்ட தோட்டா அல்ல. நூறு மீட்டருக்குள், மென்மூக்குக் குண்டோடு, நெஞ்சின் கீழ்ப்பாகத்தில் பட்டால் நீல்காய்க்குப் போதும். ஆனால் அந்த மிருகத்தை நினைத்து அதை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஜிம் கார்பெட்டுக்கு 1907-இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காகப் பரிசாகக் கிடைத்த .275 ரிக்பி போன்ற இலேசான, துல்லியமான துப்பாக்கி நம் உழவனுக்கு எட்டவே இல்லை.

தொலைநோக்கிக் குறியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கார்பெட்டும், தருமபுரி, சேலம் காடுகளில் .405 வின்செஸ்டரோடு திரிந்த கென்னத் ஆண்டர்சனும் வெறும் இரும்புக் குறியைத்தான் நம்பினார்கள். புதருக்குள் இருபது முப்பது அடியில் வரும் புலிக்கு ஸ்கோப் இடைஞ்சல். வெட்டவெளி மானுக்கு அப்படியில்லை. சுரங்கத்தில் சர்வேயர்கள் வைத்திருக்கும் தியோடலைட்டைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். உள்ளே குறுக்குக் கம்பி; பிம்பம் அதன் தளத்தில் சரியாக விழாவிட்டால், கண்ணை லேசாக நகர்த்தினாலே கம்பி இலக்கைவிட்டு நகரும். ஸ்கோப்பிலும் அதே பிழை உண்டு. நம் கடற்கரை ஈரத்தில் பழைய ஸ்கோப்புகளின் கண்ணாடிக்குள் பூஞ்சை படர்ந்துவிடும். போருக்குப் பின் நைட்ரஜன் அடைத்து மூடிய ஸ்கோப்புகள் பரவின. எத்தனை மடங்கு பெருக்கும் என்பதைவிட, எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடும், அதிர்ச்சியில் குறி மாறாமல் நிற்குமா என்பதுதான் பெரிய கேள்வி.

நல்ல கருவி வந்த காலத்தில், காயத்தோடு ஓடி வீணாகச் சாவது குறைந்து மான்கள் பிழைத்திருக்க வேண்டும் அல்லவா? நடந்தது நேர்மாறு. இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஜீப்பும் விளக்கு வெளிச்சமும் வந்தன. 1947-இல் கொரியா சமஸ்தானத்து அரசர் இரவில் வண்டியிலிருந்து மூன்று சிவிங்கிப்புலிகளைச் சுட்டார். இந்தியாவில் அதோடு அந்த இனம் முடிந்ததாகவே கருதப்படுகிறது. வெளிமான் மந்தைகளும் இப்படித்தான் கரைந்தன. நாவலாசிரியர் மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் 1950 முதல் ஸ்டேட்ஸ்மன் இதழில் எழுதிவந்த பத்தி, நம் காட்டுயிர்களுக்காக ஒரு தமிழர் செய்த மிகப் பெரிய வழக்காடல். 1967-இல் கோடியக்கரை சரணாலயமானது. 1972 காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வெளிமானை முதல் அட்டவணையில் வைத்தது. அந்தச் சட்டம் வந்திருக்காவிட்டால் இன்று வெளிமானைப் படத்தில்தான் பார்த்திருப்போம்.

இன்று நீல்காய்க்கு எந்தக் குண்டு, எந்த ஸ்கோப் என்று பொறுப்போடு விவாதிப்பது அமெரிக்காவின் டெக்ஸஸில். 1930-ஐ ஒட்டி அங்கே கிங் பண்ணையில் விடப்பட்ட நீல்காய்கள் பெருகி, இப்போது உரிமத்தோடு வேட்டையாடப்படுகின்றன. தோல் தடித்தது, இரத்தத் தடம் குறைவாகவே விழும், அதனால் சுலபத்தில் சிதறாத கெட்டிக் குண்டு வேண்டும் என்பது அங்குள்ள அனுபவம். அந்த மிருகத்தின் சொந்த மண்ணில், பயிரை அழிக்கிறது என்று 2015 டிசம்பரில் பீகாரின் சில மாவட்டங்களில் நீல்காயைத் தீங்குயிராக அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு மொகாமாவில் சில நாட்களில் 200-க்கும் மேற்பட்டவை சுடப்பட்டன. 2019-இல் வைசாலியில் காயம்பட்ட ஒரு நீல்காயை ஜேசிபியால் குழிக்குள் தள்ளி உயிரோடு மூடிய காணொளியை நாடே பார்த்தது.

பயிர் அழிந்து நிற்கும் உழவனின் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். சுடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அவுட்டுக்காய், பால்ரஸ் குண்டு, கண்ணி இவற்றால் மிருகங்கள் தாடை கிழிந்து சாவதைவிடப் பயிற்சி பெற்றவர் சுடுவது மேல். ஆனால் இனி எந்த மாநிலம் அப்படி ஆணை பிறப்பித்தாலும், எத்தனை மிருகம் என்பதோடு நிறுத்தக் கூடாது. எந்தத் தோட்டா, அதிகபட்சம் எத்தனை மீட்டர், காயம்பட்டு ஓடினால் பின்தொடர்ந்து முடிக்க வேண்டியது யார் என்பதையும் அந்த ஆணையிலேயே எழுத வேண்டும். எழுதாத ஆணையை நீதிமன்றம் செல்லாது என்று சொல்ல வேண்டும்.