கவசத்துக்குள் மனிதர்

ஹுன்னஸ்கிரியவிலிருந்து மகியங்கனை நோக்கி இறங்கும் வீதியில் ஹசலக்க என்னும் ஊர் உண்டு. அவ்வூரைச் சேர்ந்த படைவீரர் காமினி குலரத்ன, 1991 ஜூலையில், ஆனையிறவு முகாமைத் தாக்க வந்த புலிகளின் கவச புல்டோசர்மீது ஏறி, உள்ளே கைக்குண்டு எறிந்து மாண்டார். ஏறியவரின் பெயரை நாடறியும்; உள்ளிருந்தோர் பெயரை நாம் கேட்டதில்லை. அவர்களும் ஏழைத் தாய்மாரின் பிள்ளைகளே அல்லவா?

வெளியிலிருந்து வரும் தோட்டாவைத் தடுக்கும் தகடு, உள்ளே வெடிப்பதையும் அடைத்து வைக்கிறது. டாங்கிகளின் கதையும் இதுதான். இரண்டாம் உலகப் போரில் ஷெர்மன் டாங்கிகள் பல, தாம் சுமந்த குண்டுகளாலேயே எரிந்தன. 1944 அளவில்தான் அக்குண்டுகளை அடித்தளத்தில், நீர் சூழ்ந்த அடுக்குகளில் வைத்தனர். தீ வெகுவாகக் குறைந்தது. பின்னர் வந்த சோவியத் டி-72இல் தானியங்கி நிரப்பி புகுந்தது. ஓர் ஆள் மிச்சம், உருவமும் தாழ்ந்தது. ஆனால் 22 குண்டுகள் சுழல்வது கூண்டில் அமரும் இருவரின் காலடியில். 1991இல் ஈராக்கிலும், 2022இல் உக்ரேனிலும் அக்கூண்டுகள் பிய்ந்து பறந்தன.