எரிவாயுக் குழாய் எட்டாத வீடுகளின் கணப்பு: சுவீடனில் 1767 முதல்

சுவீடனின் வீட்டு வெப்ப வரலாற்றில் இயற்கை எரிவாயுவுக்கு ஏறக்குறைய இடமே இல்லை. பிரிட்டனும் நெதர்லாந்தும் 1960களிலும் 70களிலும் தங்கள் வாயுவைத் தெருத்தெருவாகக் குழாய் பதித்து வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தன. சுவீடனுக்கு அந்த வாயு டென்மார்க் வழியாக 1985-இல்தான் வந்தது. அதுவும் தென்மேற்குக் கடலோரத்தைத் தாண்டிப் பெரிதாகப் பரவவில்லை. ஆண்டில் பாதிக்கு மேல் கணப்பு தேவைப்படும் நாட்டில், காடுகளுக்கிடையே சிதறிக் கிடக்கும் தனி வீடுகள் விறகு, எண்ணெய், மின்சாரம் என்று மாறி மாறி வழி தேட வேண்டியிருந்தது. கரியமிலம் குறைந்த வெப்பத்தைச் சாதாரணக் குடும்பங்களின் கைக்கெட்டும் விலையில் அந்நாடு எப்படி எட்டியது என்பதற்குப் புதுக் கண்டுபிடிப்புகள் மட்டும் விடையாகா. அரசும் தொழிலும் பல்லாண்டுகள் விடாமல் செய்த சலிப்பூட்டும் வேலைகளுக்கு அதில் பெரும்பங்கு உண்டு.

விறகைச் சிக்கனப்படுத்தும் அரசு முயற்சி அங்கே பழையது. 18-ஆம் நூற்றாண்டில் இரும்பு உலைகளுக்கு வேண்டிய மரக்கரிக்காகக் காடுகள் அழிந்துகொண்டிருந்தன. வீட்டுக் கணப்பில் எரியும் விறகைக் குறைக்கும் வழியைக் கண்டறியும் பொறுப்பு கார்ல் யோஹான் குரோன்ஸ்டெட், ஃபாபியன் விரேடே ஆகிய இருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1767-இல் அவர்கள் வகுத்த அடுப்பில், சூடான புகை நேரே வெளியேறாமல் செங்குத்தான பல குழல்களில் ஏறி இறங்கிச் செல்லும். போகும் வழியில் தன் வெப்பத்தைச் செங்கல்லிடமும் களிமண் ஓடுகளிடமும் விட்டுச் செல்லும். அடுப்பு மூட்டியது சிறிது நேரம்தான் என்றாலும், சூடேறிய சுவர் பல மணி நேரம் அறையைக் கதகதப்பாக வைத்திருக்கும். இருநூறு ஆண்டுகளுக்குப் பிந்திய முயற்சிகளுக்கும் இதற்கும் ஓர் ஒற்றுமை உண்டு: இரண்டிலுமே அரசு தன் தேவையைத் தெளிவாகச் சொல்லித் தொழில்நுட்பத்தைக் கேட்டு வாங்கியது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மலிவான எண்ணெய் இந்தச் சிக்கன மரபை ஓரங்கட்டியது. 1970-இல் நாட்டின் எரிசக்தியில் ஏறத்தாழ முக்கால் பங்கு இறக்குமதி எண்ணெயிலிருந்து வந்தது. வீட்டின் அடித்தளத்தில் எண்ணெய்க் கொதிகலன் இருப்பது இயல்பாகிவிட்டது. 1973 எண்ணெய் நெருக்கடி அந்த நிம்மதியைக் கலைத்தது. 1974 ஜனவரியில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது.

அதன்பின் நகரங்களும் தனி வீடுகளும் வெவ்வேறு வழியில் சென்றன. நகரங்களில் நகராட்சிகள் மையக் கொதிகலன்களில் சூடாக்கிய நீரை நிலத்தடிக் குழாய்களில் அடுக்குமாடிகளுக்கு அனுப்பின. காலப்போக்கில் அந்த உலைகள் எண்ணெயை விட்டு மரக்கழிவுக்கும் குப்பைக்கும் மாறின. தள்ளித் தள்ளி நிற்கும் வீடுகளுக்கு இவ்வளவு தூரம் குழாய் பதிப்பது கட்டுப்படியாகாது. 1972 முதல் 1985 வரை இயங்கத் தொடங்கிய 12 அணு உலைகளின் மின்சாரம் அங்கே நுழைந்தது. புதிதாகக் கட்டிய வீடுகளில் சன்னலுக்கடியில் மின் கணப்பான்களைப் பொருத்தினார்கள். வாங்குவதற்கு மலிவு, ஆனால் ஒரு அலகு மின்சாரம் ஒரு அலகு வெப்பத்துக்கு மேல் தராது.

ஹீட் பம்ப் எனப்படும் வெப்ப எக்கி இந்த வரம்பை மீறுகிறது. குளிர்சாதனப் பெட்டி தன் உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்துப் பின்புறம் தள்ளுவதைப் போல, இது மண்ணிலோ பாறையிலோ காற்றிலோ உள்ள தாழ்ந்த வெப்பத்தை உறிஞ்சி, கம்ப்ரசரால் உயர்த்தி வீட்டுக்குள் விடுகிறது. நிலத்திலிருந்து எடுக்கும் நல்ல எக்கி ஒரு அலகு மின்சாரத்துக்கு மூன்று அலகோ அதற்கு மேலோ வெப்பம் தரும். இதன் கொள்கையை 1852-இல் வில்லியம் தாம்சன், பின்னாளைய கெல்வின் பிரபு, விளக்கினார். அடுத்த சில ஆண்டுகளில் ஆஸ்திரியாவின் பீட்டர் வான் ரிட்டிங்கர் உப்பளத்தில் அதைச் சோதித்தார். நிலத்திலிருந்து வெப்பம் எடுக்கும் யோசனைக்கு 1912-இல் சுவிட்சர்லாந்தின் ஹைன்ரிஷ் ஸோல்லி காப்புரிமை பெற்றார். 1938-இல் சூரிக் நகர மன்றக் கட்டடம் லிம்மாட் ஆற்றின் வெப்பத்தால் சூடேறத் தொடங்கியது. ஆக, சுவீடன் எதையும் முதலில் கண்டுபிடிக்கவில்லை. அதன் சாதனை இந்தக் கருவியைப் பல லட்சம் வீடுகளில் நம்பகமாக ஓட வைத்தது.

நாட்டின் நிலமும் அதற்கு ஒத்துழைத்தது. பெரும்பகுதியில் மேல்மண்ணுக்குக் கீழே கெட்டியான கிரானைட், நைஸ் பாறை. வீட்டு முற்றத்தில் 100 முதல் 200 மீட்டர் வரை துளையிட்டு, வளைந்து திரும்பும் பிளாஸ்டிக் குழாயை இறக்கி, எத்தனால் கலந்த நீரைச் சுழல விடுகிறார்கள். துளையில் ஊறி நிற்கும் நிலத்தடி நீரே பாறைக்கும் குழாய்க்கும் இடையே வெப்பத்தைக் கடத்துகிறது. வேறு பல நாடுகளைப் போலச் சிமென்ட் கலவை கொண்டு அடைக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கணக்கில் வெப்பத்தை எடுத்துக்கொண்டே இருந்தால் பாறை எவ்வளவு குளிரும் என்ற கேள்விக்கு லண்ட் பல்கலைக்கழகத்தில் விடை தேடினார்கள். அங்கே 1987-இல் பெர் எஸ்கில்சன் அளித்த முனைவர் பட்ட ஆய்வின் கணக்கு முறை, இன்றும் உலகெங்கும் ஆழ்துளை வடிவமைப்பு மென்பொருள்களின் அடிப்படையாக இருக்கிறது.

இவ்வளவு அறிவு சேர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான் சந்தை சரிந்தது. 1980களின் தொடக்கத்தில் மானியத்தையும் கடனையும் நம்பிப் பல சிறு நிறுவனங்கள் முளைத்தன. துளை ஆழம் போதாமலும் இயந்திரத்தின் அளவு பொருந்தாமலும் போன வீடுகளில் பழுதும் ஏமாற்றமும் மிஞ்சின. அரசு ஆதரவு குறைந்தது. 1986-இல் எண்ணெய் விலை விழுந்தது. நிறுவனங்கள் மூடப்பட்டன, வெப்ப எக்கி என்ற பெயரே கெட்டது. இந்த வீழ்ச்சியை வரலாற்றில் ஒரு வரியில் கடந்துவிடக் கூடாது: கருவிக்குக் கொடுக்கும் மானியம், அதைப் பொருத்துபவரின் திறமைக்கு ஈடாகாது என்பதை மக்கள் தங்கள் வீட்டிலேயே அனுபவித்த காலம் அது.

மீட்சி மெதுவாக நடந்தது. 1990களின் முற்பகுதியில் தொழில் வளர்ச்சி வாரியமான நுடெக், தனி வீடுகளுக்கான எக்கிக்கு ஒரு போட்டியை அறிவித்தது. சந்தையில் உள்ளதைவிட விலையும் மின்செலவும் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைய வேண்டும் என்று நிபந்தனை விதித்து, வெல்லும் இயந்திரங்களுக்கு வாங்குபவர்களையும் முன்கூட்டியே திரட்டித் தந்தது. சுயேச்சையான ஆய்வகங்கள் இயந்திரங்களைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டன. பொருத்துபவர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. வாடிக்கையாளர் குறைகளை விசாரிக்க ஒரு குழு அமைந்தது. துளையிடும் தொழிலுக்கும் எழுத்தில் நெறிமுறைகள் வந்தன.

இதனுடன் 1991-இல் வந்த கார்பன் வரி இணைந்தது. தொடக்கத்தில் ஒரு டன் கரியமில வாயுவுக்கு 250 குரோனர். படிப்படியாக உயர்ந்து அது 1,000 குரோனரைத் தாண்டியது. அதே வரிச் சீர்திருத்தத்தில் வருமான வரி குறைக்கப்பட்டதால் குடும்பங்களின் சுமை ஓரளவு ஈடாயிற்று. எண்ணெய்க் கொதிகலன் வைத்திருந்தவருக்கு ஒவ்வொரு குளிர்காலமும் செலவு ஏறியது. எதிரே, நீரும் அணுவும் தந்த மின்சாரம் ஏற்கெனவே கரியமிலம் குறைந்ததாக இருந்தது. 2006-இல் எண்ணெயையும் நேரடி மின் கணப்பையும் கைவிடுவோருக்கு உதவித்தொகை கிடைத்தது. இன்று தனி வீடுகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் ஏதேனும் ஒரு வகை வெப்ப எக்கி இயங்குகிறது. கட்டடங்களுக்குள் எரிபொருள் எரித்துச் சூடாக்குவதால் வரும் உமிழ்வு 1990-ஐ ஒப்பிட ஏறத்தாழ 90% குறைந்துவிட்டது.

மலிவு என்பதை மட்டும் நிபந்தனையின்றிச் சொல்ல முடியாது. துளையிடும் செலவை முதலிலேயே போட வேண்டும். வீட்டின் மேல் கடன் வாங்க முடிந்தவர்க்கு அது எளிது, சொத்து மதிப்புக் குறைந்த உள்நாட்டுப் பகுதிகளில் கடினம். அங்கெல்லாம் துளை தேவைப்படாத காற்று எக்கியும் மரத்துகள் வில்லை எரிக்கும் கொதிகலனும் இடம்பிடித்தன. 2011 முதல் நாடு நான்கு மின்விலை மண்டலங்களாகப் பிரிந்திருக்கிறது. 2022-இல் தென் மண்டலங்களில் விலை எகிறியபோது, நேரடி மின் கணப்பை நம்பியிருந்த குடும்பங்கள் எக்கி வைத்திருந்தவர்களைவிட மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டன.

புறநகர்களில் இப்போது பாறைக்கே நெருக்கடி. அடுத்தடுத்த துளைகள் ஒன்றின் வெப்பத்தை மற்றொன்று உறிஞ்சாதிருக்க, அவற்றுக்கிடையே குறைந்தது 20 மீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறது அந்நாட்டு நெறிமுறை. சிறு மனைகள் நெருங்கிய தெருக்களில் இந்த இடைவெளி கிடைப்பதில்லை. அதனால் துளைகளைச் சாய்வாகவும், 200 மீட்டருக்கும் கீழாகவும் இறக்குகிறார்கள்; கோடையில் வீட்டின் மிகுவெப்பத்தைத் திரும்பப் பாறைக்குள் செலுத்தி அதைச் சூடேற்றி வைக்கும் முறையும் பரவி வருகிறது.