சுழற்பிரிப்பானின் வரலாறு: மாவு ஆலை முதல் நுண்துகள் வரம்பு வரை

முன்னுரை

மேற்பகுதி உருளையாகவும் கீழ்ப்பகுதி கூம்பாகவும் அமைந்த இரும்புக் கலங்களைச் சிமெண்ட் ஆலைகளிலும் மர அறுவை ஆலைகளிலும் காணலாம். வளியில் மிதந்துவரும் திண்மத் துகள்களைச் சுழற்சியால் பிரிக்கும் இக்கருவி ‘சைக்ளோன்’ எனப்படுகிறது. கொல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன், 1848இல் வெளியிட்ட நூலில் புயலைக் குறிக்கப் பயன்படுத்திய சொல் அது. இக்கட்டுரை அக்கருவியைச் ‘சுழற்பிரிப்பான்’ எனக் குறிக்கிறது. நடைமுறையில் பிறந்த இக்கருவிக்குக் கோட்பாடு பின்னர் வந்து சேர்ந்த வரலாற்றையும், அதன் வரம்பு பெற்ற புதிய பொருளையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாவுத்தூசியும் முதற் காப்புரிமையும்

1878 மே 2 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரிலிருந்த வாஷ்பர்ன் ‘ஏ’ மாவு ஆலை வெடித்துச் சிதறியது. 18 பேர் உயிரிழந்தனர். காற்றில் பரவிய மாவுத்தூசி தீப்பற்றியதே காரணம் எனக் கண்டறியப்பட்டது. அதுவரை துப்புரவுச் சிக்கலாகக் கருதப்பட்ட தூசி, உயிர்காப்புச் சிக்கலாயிற்று. இச்சூழலில் 1885இல் ஜான் ஃபிஞ்ச் என்பவர் ‘தூசி சேகரிப்பான்’ என்னும் பெயரில் காப்புரிமை பெற்றார். அது நிக்கர்பாக்கர் நிறுவனத்திற்கு உரித்தாக்கப்பட்டது. இன்றைய எளிய வடிவத்தை நோக்க அது சிக்கலான அமைப்புடையது. எனினும், மையவிலக்கு விசையால் துகள் பிரித்தல் என்னும் அடிப்படை அதில் இடம்பெற்றிருந்தது.

கோட்பாட்டின் வருகை

தொடுகோட்டுத் திசையில் நுழையும் வளி சுவரையொட்டிச் சுழன்று கீழிறங்குகிறது. கூம்புப் பகுதியில் திசைமாறி, நடுவே உட்சுழலாக மேலெழுந்து வெளியேறுகிறது. சுவருக்குத் தள்ளப்பட்ட துகள்கள் அடியில் சேர்கின்றன. கருவிக்குள் அசையும் உறுப்பு எதுவுமில்லை.

இவ்வெளிய தோற்றத்திற்குள் நிகழும் ஓட்டத்தை விளக்க அரை நூற்றாண்டு தேவைப்பட்டது. 1932இல் ரோசின், ராம்லர், இன்டெல்மன் ஆகியோர் துகள் சுவரை அடைய வேண்டிய காலத்தைக் கணக்கிட்டனர். 1939இல் ஷெப்பர்டு, லாப்பிள் ஆகியோர் ஓட்ட அமைப்பையும் அழுத்த இழப்பையும் ஆராய்ந்தனர். 1949இல் தெர் லிண்டன் உட்புறத் திசைவேகங்களை அளந்தார். 1951இல் ஸ்டேர்மண்ட் அளித்த உயர்திறன் வடிவில், மொத்த உயரம் உருளை விட்டத்தின் 4 மடங்கு. வெளியேறும் குழாயின் விட்டம் அதில் பாதி. இவ்விகிதங்கள் இன்றும் வடிவமைப்பாளர்களுக்குத் தொடக்கப் புள்ளியாக உள்ளன.

எனினும், தொழிற்சாலை கோட்பாட்டின் நிறைவுக்காகக் காத்திருக்கவில்லை. 1942 மே மாதம் பேட்டன் ரூஜ் நகரில் இயங்கத் தொடங்கிய முதல் பாய்ம வினையூக்கிப் பிளப்பு ஆலை, வினையூக்கித் தூளை மீட்கச் சுழற்பிரிப்பான்களையே நம்பியது. அவற்றில் சிக்காத நுண்தூளைப் பிடிக்க நிலைமின் வீழ்படிவாக்கியும் தேவைப்பட்டது.

வரம்பும் அதன் பொருளும்

துகளின் விட்டம் குறையுமாயின், அதன்மீது செயற்படும் மையவிலக்கு விசை விட்டத்தின் மும்மடியாகக் குறைகிறது. வளியின் இழுவையோ நுண்துகள் நிலையில் விட்டத்திற்கு நேர்விகிதத்திலேயே குறைகிறது. எனவே, சில மைக்ரான் அளவினும் சிறிய துகள்கள் பெரிய கலங்களிலிருந்து எளிதில் தப்புகின்றன. அமெரிக்கக் காற்றுத்தர அளவுகோல்கள் 1971இல் மொத்த மிதக்கும் துகள்களையும், 1987இல் 10 மைக்ரான் துகள்களையும், 1997இல் 2.5 மைக்ரான் துகள்களையும் கருதின. கருவி பிடிக்காத துகளை நோக்கியே சட்டம் நகர்ந்தது எனலாம்.

இவ்வரம்பே பிறிதோரிடத்தில் பயனாயிற்று. சுரங்கத் தொழிலாளர் அணியும் தூசி மாதிரிக் கருவியில் 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள நைலான் சுழற்பிரிப்பான் பயன்படுத்தப்பட்டது. அது பருந்துகளை நீக்குகிறது. தப்பிய நுண்தூசி வடிதாளில் படிகிறது. நுரையீரலின் ஆழத்தை அடையக்கூடிய தூசி என எடையிடப்படுவது அதுவே.

முடிவுரை

சுழற்பிரிப்பானின் வரலாற்றைப் பிடிபட்ட துகளைக் கொண்டு மட்டும் எழுதுவது பொருந்தாது. ஆலையை வெடிக்கச் செய்த தூசியை அடக்க எழுந்த கருவி, கண்ணுக்குப் புலப்படாது உடலுள் புகும் தூசியை அளக்கும் கருவியாகவும் வளர்ந்தது. தப்பிய துகளையும் கணக்கிற் கொள்ளும்போதே தொழில்நுட்ப வரலாறு தொழிலாளரின் வரலாறாகவும் அமையும் என்பது இக்கட்டுரையின் முடிவாகும்.