நீர்க்கறை (தானுந்து)

நீர்க்கறை என்பது தானுந்தின் வண்ணப்பூச்சு, கண்ணாடி, குரோமியப் பகுதிகள் ஆகியவற்றின் மேல் தங்கும் நீர்த்துளி உலர்ந்தபின் எஞ்சும் வெண்ணிற அல்லது சாம்பல் நிறத் தடம் ஆகும். நீர் ஆவியாகும்போது அதில் கரைந்துள்ள உப்புகள் ஆவியாவதில்லை. அவை துளி இருந்த இடத்திலேயே படிகின்றன. ஆகவே இக்கறைக்குப் பெரும்பாலும் காரணம் தானுந்தில் இருந்த அழுக்கு அன்று, அதைக் கழுவப் பயன்பட்ட நீரே ஆகும். கழுவிய தானுந்து சில வேளைகளில் கழுவாததைக் காட்டிலும் மங்கலாகத் தோன்றுவது இதனாலேயே.

புதிதாகத் தோன்றிய நீர்க்கறை ஈரத்துணியால் துடைத்தாலே பெரும்பாலும் நீங்கிவிடும். வெயிலில் பல நாட்கள் விடப்பட்ட கறை பூச்சை அரித்துப் பள்ளமாக்கக்கூடும். அந்நிலையில் பூச்சின் ஒரு பகுதியைத் தேய்த்து எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை. வீட்டில் கழுவும்போது நிழலில் கழுவுதல், உப்புக் குறைந்த நீரால் இறுதியாக அலசுதல், நீர் தானே உலருமுன் துடைத்தல் ஆகிய மூன்றும் கறையைத் தவிர்க்கும் முதன்மையான வழிகள் ஆகும்.

தோன்றும் விதம்

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்து மென்மையான கார்பானிக் அமிலமாகிறது. இது நிலத்தடிப் பாறைகளில் உள்ள கால்சியம், மக்னீசியம் கார்பனேட்டுகளைக் கரைத்து அவற்றை பைகார்பனேட்டுகளாக மாற்றுகிறது. இவ்வாறு கால்சியம், மக்னீசியம் உப்புகளை மிகுதியாகக் கொண்ட நீர் கடின நீர் (வன்னீர்) எனப்படுகிறது.

தானுந்தின் மேல் இவ்வினை எதிர்த்திசையில் நிகழ்கிறது. நீர் ஆவியாகும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேற, கரையும் தன்மையுள்ள கால்சியம் பைகார்பனேட்டு எளிதில் கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதும், சுண்ணாம்புக் குகைகளில் தொங்கும் படிவுகள் உருவாவதும் இதே வினையால்தான். ஒரு முறை உலர்ந்த கறை மீண்டும் நீர் ஊற்றினால் கரையாமல் இருப்பதற்கும் இதுவே காரணம்.

படியும் உப்பின் அளவை எளிதில் கணக்கிடலாம். லிட்டருக்கு 1000 மில்லிகிராம் உப்புகள் கரைந்துள்ள நீரால் கழுவியபின் தானுந்தின் மேல் 200 மில்லிலிட்டர் நீர் தங்கியிருப்பதாகக் கொள்வோம். அது துடைக்கப்படாமல் உலர்ந்தால் 200 மில்லிகிராம் உப்பு எஞ்சும். மொத்தத்தில் இது ஒரு சிட்டிகைக்கும் குறைவே. எனினும், பல ஆயிரம் துளிகளின் தடங்களாகப் பிரிந்து படிவதால், அடர்நிறத் தானுந்துகளில் இது தெளிவாகத் தெரிகிறது.

கறை பெரும்பாலும் வளைய வடிவில் இருப்பதற்கும் விளக்கம் உண்டு. 1997 ஆம் ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் டீகன் முதலானோர், சிந்திய காப்பி உலரும்போது விளிம்பில் அடர்ந்த வளையம் உருவாவதை ஆராய்ந்து நேச்சர் இதழில் வெளியிட்டனர். துளியின் விளிம்பு பரப்போடு ஒட்டி நகராமல் நிற்கிறது. விளிம்பில் ஆவியாகும் நீரை ஈடுசெய்ய நடுப்பகுதியிலிருந்து நீர் வெளிநோக்கி ஓடுகிறது. இவ்வோட்டம் துகள்களை விளிம்புக்குக் கொண்டு சேர்க்கிறது. நீர்த்துளியில் உள்ள தூசியும் உப்பும் விளிம்பில் மிகுதியாகப் படிவதிலும் இவ்விளைவுக்குப் பங்குண்டு.

நீரின் கடினத்தன்மை

நீரின் கடினத்தன்மை லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடானது என்று குறிக்கப்படுகிறது. அமெரிக்க நிலவியல் அளவாய்வகத்தின் பாகுபாடு பின்வருமாறு:

- 0 முதல் 60 வரை: மென்னீர்
- 61 முதல் 120 வரை: ஓரளவு கடினமான நீர்
- 121 முதல் 180 வரை: கடின நீர்
- 180 க்கு மேல்: மிகக் கடின நீர்

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500, 2012) 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காத இடங்களில் 600 மில்லிகிராமை உச்ச அளவாகவும் வகுத்துள்ளது. அதாவது, மேற்கண்ட பாகுபாட்டின்படி மிகக் கடின நீராக உள்ளதும் குடிக்கத் தகுந்ததாக இருக்கலாம். குடிநீராயிற்றே, கறை விடாது என்று கருதுவது பொருந்தாது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. கடலோரப் பகுதிகள் சிலவற்றில் உவர்ப்பும் சேர்ந்திருக்கும்.

கடைகளில் கிடைக்கும் டி.டி.எஸ். மானி நீரின் மின்கடத்துதிறனை அளந்து, கரைந்துள்ள மொத்த உப்பின் அளவை மதிப்பிட்டுக் காட்டுகிறது. இது கடினத்தன்மையைத் தனியே காட்டாது. எனினும் இரு நீர்களில் எது குறைவாகக் கறை விடும் என ஒப்பிட உதவும்.

வகைகள்

படிவுக்கறை: உப்பு பூச்சின் மேலே மட்டும் படிந்துள்ள நிலை. விரலால் தடவினால் சொரசொரப்பு தெரியலாம். துடைத்தோ மென்மையான அமிலத்தால் கரைத்தோ நீக்கலாம்.

அரிப்புக்கறை: உப்பு நீக்கப்பட்ட பின்னும் தடம் நீங்காத நிலை. இக்காலத் தானுந்துகளில் நிறப்பூச்சின் மேல் நிறமற்ற தெளிபூச்சு ஒன்று உள்ளது. இதன் தடிமன் பொதுவாக 40 முதல் 50 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவே. வெயிலில் துளி சுருங்கும்போது அதில் உள்ள காரம் அல்லது அமிலம் செறிவடைந்து, சூடான தெளிபூச்சைத் தாக்குகிறது. பறவை எச்சமும், நகரக் காற்றின் மாசு கலந்த மழையும் இவ்வாறே அரிப்பை உண்டாக்கும்.

கண்ணாடிக்கறை: நிலத்தடி நீரில் கால்சியத்துடன் சிலிக்காவும் கரைந்திருக்கும். கண்ணாடியும் சிலிக்காவை அடிப்படையாகக் கொண்டதாதலால் இப்படிவு அதனுடன் இறுகப் பற்றிக்கொள்கிறது. முன்கண்ணாடியில் இக்கறை இருந்தால், இரவில் எதிர்வரும் வண்டிகளின் ஒளி சிதறிப் பார்வையை மறைக்கும். இது அழகு குறித்தது மட்டுமன்றிப் பாதுகாப்பு குறித்ததும் ஆகும்.

காங்கிரீட்டுக் கசிவு: அடுக்குமாடிக் கட்டடங்களின் கீழ்த்தள நிறுத்துமிடங்களில், மேல்தளக் காங்கிரீட்டின் வழியாகக் கசியும் நீர் சிமெந்திலுள்ள கால்சியம் ஐதராக்சைடைக் கரைத்துக்கொண்டு சொட்டுகிறது. இது வலுவான காரத்தன்மை கொண்டது. வெண்ணிறப் படிவாக இறுகுவதோடு பூச்சையும் கெடுக்கிறது. கசிவின் கீழ் வண்டியை நிறுத்தாதிருப்பதே இதற்குத் தீர்வு.

வில்லை பற்றிய தவறான கருத்து

நீர்த்துளி வில்லையைப்போல் செயல்பட்டு, வெயிலைக் குவித்துப் பூச்சைச் சுட்டுவிடுகிறது என்ற கருத்து பரவலாக உள்ளது. பரப்பின் மேல் படிந்திருக்கும் துளியின் குவியம் அப்பரப்புக்கும் அப்பால் விழுவதால் ஒளி பரப்பின் மேல் கூர்மையாகக் குவிவதில்லை. 2010 ஆம் ஆண்டில் ஹங்கேரிய ஆய்வாளர்கள் தாவர இலைகளைக் கொண்டு நடத்திய ஆய்விலும், மயிரற்ற வழவழப்பான இலைகளில் நீர்த்துளிகள் வெயிலில் தீப்புண் உண்டாக்கவில்லை எனக் கண்டனர். வெயிலில் கழுவுவது தீமை என்பது உண்மையே. ஆனால் அதற்குக் காரணம், துளி விரைவில் உலர்வதும் சூடான பூச்சில் உப்பு செறிவடைவதும் ஆகும்.

கழுவும் முறை

1. அதிகாலையில் அல்லது மாலையில், நிழலில் கழுவுதல் வேண்டும். ஓடி வந்த வண்டியாயின் முன்மூடி தொட்டால் சுடாத அளவுக்கு ஆறவேண்டும்.
2. சக்கரங்களை முதலில் கழுவுதல் நன்று. இறுதியில் கழுவினால், அதற்குள் மேற்பகுதியில் உள்ள நீர் உலர்ந்துவிடும். சக்கரத்திற்கு எனத் தனித்துணி தேவை. தடைக்கட்டையின் இரும்புத் துகள்கள் பூச்சைக் கீறும்.
3. வண்டி முழுவதையும் நீரால் நனைத்து மணலையும் புழுதியையும் தளர்த்தி ஓடவிட வேண்டும். உலர்ந்த புழுதியைத் துணியால் துடைப்பது கீறலை உண்டாக்கும்.
4. ஒரு வாளியில் வண்டி கழுவும் ஷாம்பு கலந்த நீரும், மற்றொன்றில் வெறும் நீரும் வைத்துக்கொள்ள வேண்டும். துணியை ஒவ்வொரு முறையும் வெறும் நீரில் அலசியபின்னரே ஷாம்பு நீரில் நனைக்க வேண்டும். சாதாரணச் சவர்க்காரம் கடின நீரில் கரையாத கசடாகத் திரிந்து தானும் ஒரு கறையாகும். பாத்திரம் துலக்கும் திரவம் மெழுகுப் பூச்சைப் போக்கிவிடும்.
5. கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கி, ஒரு நேரத்தில் ஒரு பகுதியாகக் கழுவி உடனே அலச வேண்டும். நுரையை உலரவிடக் கூடாது.
6. இறுதி அலசலில் குழாயின் முனையில் உள்ள தெளிப்பானைக் கழற்றிவிட்டு, நீரை மெல்லிய ஓட்டமாக மேலிருந்து விடவேண்டும். நீர் ஒரு படலமாக வழிந்து இறங்கும்போது, மேலிருக்கும் துளிகளையும் தன்னோடு இழுத்துச் செல்லும். தெளித்தால் ஆயிரக்கணக்கான துளிகளே மிஞ்சும்.

உலர்த்துதல்

நீர்க்கறையைத் தடுப்பதில் இதுவே இன்றியமையாத படியாகும். துடைக்கும் துணி நீரை உறிஞ்சும்போது அதில் கரைந்துள்ள உப்பையும் சேர்த்தே அகற்றிவிடுகிறது. ஆகவே கடின நீரால் கழுவினாலும் உடனே துடைத்தால் கறை ஏற்படுவதில்லை.

முற்காலத்தில் பதனிட்ட மென்தோல் இதற்குப் பயன்பட்டது. தற்போது பாலியெஸ்டரும் பாலியமைடும் கலந்த நுண்ணிழைத் துணி (மைக்ரோஃபைபர்) பெரிதும் பயன்படுகிறது. துணியை விரித்துப் பரப்பின் மேல் இட்டு, அழுத்தாமல் இழுத்தல் போதுமானது. ஒரு துணி நனைந்து கனத்ததும் அடுத்ததை எடுக்க வேண்டும். பக்கக்கண்ணாடியின் இடுக்கு, கதவின் கைப்பிடி, எண் பலகை ஆகியவற்றில் தங்கும் நீர் வண்டி ஓடும்போது வழிந்து கோடுகளாகப் படியும். இவ்விடங்களை இறுதியில் மீண்டும் ஒருமுறை துடைக்க வேண்டும்.

மெழுகு பூசிய பரப்பில் நீரின் தொடுகோணம் மிகுவதால் நீர் உருண்டு திரண்ட மணிகளாக நிற்கிறது. இது துடைப்பதை எளிதாக்குகிறது; உப்புக்கும் பூச்சுக்கும் இடையே தடையாகவும் அமைகிறது. ஆயினும் துடைக்காமல் விட்டால், திரண்ட மணிகள் பரவிய படலத்தைவிடத் தெளிவான புள்ளிகளை விட்டுச் செல்லும். மெழுகு துடைப்பதற்கு மாற்று ஆகாது.

இறுதி அலசலுக்கான நீர்

முழு வண்டியையும் தூய நீரால் கழுவத் தேவையில்லை. இறுதி அலசலுக்கு மட்டும் உப்புக் குறைந்த நீர் இருந்தால் போதும்.

மென்னீராக்கி: அயனிப் பரிமாற்றத்தின் மூலம் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் நீக்கிச் சோடியத்தை இடுகிறது. மொத்த உப்பின் அளவு இதனால் குறைவதில்லை. ஆனால் எஞ்சும் சோடிய உப்புகள் நீரில் எளிதில் கரைவதால் ஈரத்துணியால் நீக்கிவிடலாம்.

அயனி நீக்கிய நீர்: நேர், எதிர் அயனிகள் இரண்டையும் பிசின்களால் நீக்கிப் பெறப்படுவது. இந்நீர் துடைக்காமல் உலர்ந்தாலும் கறை விடுவதில்லை. பிசின் தீர்ந்ததும் மாற்ற வேண்டும். கடின நீரில் அது விரைவில் தீர்ந்துவிடும்.

மழைநீர்: இயற்கையான மென்னீர் ஆகும். தமிழ்நாட்டில் 2003 ஆம் ஆண்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. நிலத்தில் இறக்காமல் தொட்டியில் சேர்த்த நீர் இருப்பின், முதல் மழையின் கூரைத்தூசியைக் கழித்துவிட்டுப் பயன்படுத்தலாம்.

குளிர்சாதனக் கருவியின் நீர்: காற்றின் ஈரப்பதம் குளிர்ந்து சொட்டும் இந்நீரில் உப்பு மிகக் குறைவு. தூசியை வடிகட்டிப் பயன்படுத்தலாம்.

ஆர்.ஓ. கழிவுநீர்: வீட்டுக் குடிநீர்க் கருவி வெளியேற்றும் இந்நீரை வண்டி கழுவப் பயன்படுத்தும் வழக்கம் உண்டு. நீரை வீணாக்காமை என்ற அளவில் இது நல்ல வழக்கமே. ஆனால் இந்நீரில் உப்பு செறிந்துள்ளது. 4 லிட்டர் நீரிலிருந்து 1 லிட்டர் குடிநீரும் 3 லிட்டர் கழிவுநீரும் வெளிவரும் கருவியில், ஏறத்தாழ எல்லா உப்பும் அந்த 3 லிட்டரிலேயே சேர்கிறது. உள்ளே செல்லும் நீரில் 900 மில்லிகிராம் உப்பு இருந்தால் கழிவுநீரில் ஏறத்தாழ 1200 மில்லிகிராம் இருக்கும். சக்கரம் கழுவவும் புழுதியைத் தளர்த்தவும் இது ஏற்றது. இறுதி அலசலுக்கு ஏற்றதன்று.

கறையை நீக்குதல்

முதலில் வண்டியைக் கழுவ வேண்டும். நீங்காத படிவுக்கறைக்கு, சம அளவு நீர் கலந்த வினிகரை நனைத்த துணியைச் சில நிமிடங்கள் கறையின் மேல் இட்டுவைக்கலாம். வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம் கால்சியம் கார்பனேட்டுடன் வினைபுரிந்து, கரையக்கூடிய கால்சியம் அசிட்டேட்டு, நீர், கார்பன் டை ஆக்சைடு ஆகியவற்றைத் தருகிறது. வினிகரை உலரவிடாமல் நன்கு அலசித் துடைக்க வேண்டும். நிழலில், ஆறிய பரப்பில் மட்டுமே இதைச் செய்தல் வேண்டும். மெழுகும் குறைந்துவிடுமாதலால் பின்னர் மீண்டும் பூசுவது நன்று.

கால்சியம் சல்பேட்டுப் படிவு வினிகரில் எளிதில் கரைவதில்லை. சிலிக்கா கரைவதே இல்லை. கண்ணாடியில் இறுகிய கறையைச் சீரியம் ஆக்சைடுப் பொடியால் மெருகிட்டு நீக்குவர். பூச்சில் ஏற்பட்ட அரிப்பையும் மெருகிட்டுத்தான் மறைக்க முடியும். ஒவ்வொரு முறையும் தெளிபூச்சு தேய்வதால் இதனை அடிக்கடி செய்ய இயலாது.

கழிப்பறை தூய்மைக்கு விற்கப்படும் ஐதரோகுளோரிக் அமிலம் உலோகத்தையும் குரோமியத்தையும் கெடுக்கும். சிலிக்காவைக் கரைக்கும் ஐதரோபுளோரிக் அமிலம் தோலின் வழியே ஊடுருவி உயிருக்கே கேடு விளைவிக்கும்; அது கலந்த பொருட்களை வீட்டில் பயன்படுத்தலாகாது. பாத்திரம் தேய்க்கும் கம்பி நார், உப்புத்தாள் ஆகியவையும் தவிர்க்கத்தக்கவை.

நீர்ச் சிக்கனம்

நிமிடத்திற்கு 12 லிட்டர் பாயும் குழாயைப் பத்து நிமிடங்கள் திறந்துவைத்தால் 120 லிட்டர் செலவாகும். 15 லிட்டர் வாளிகள் மூன்றைக் கொண்டு கழுவினால் 45 லிட்டரில் வேலை முடியும். சென்னை 2019 ஆம் ஆண்டுக் கோடையில் கடும் குடிநீர்ப் பஞ்சத்தைக் கண்டது. பெங்களூரில் 2024 மார்ச்சில், நீர்த் தட்டுப்பாட்டின்போது, குடிநீரால் வண்டி கழுவுவது தடை செய்யப்பட்டு 5000 ரூபாய் அபராதம் அறிவிக்கப்பட்டது.

அலசத் தேவையில்லாத கழுவு திரவங்களும் உள்ளன. இவற்றை ஒரு வாளி நீரில் கலந்து நுண்ணிழைத் துணியால் பகுதி பகுதியாகத் துடைத்து உடனே உலர்த்துவர். நீர் தங்கி உலர வாய்ப்பில்லாததால் கறையும் குறைகிறது. ஆனால் சேறும் மணலும் மிகுந்த வண்டிக்கு இம்முறை ஏற்றதன்று. அவற்றை முதலில் நீரால் அகற்றாவிடின் கீறல் விழும்.

இவற்றையும் பார்க்க

- கடின நீர்
- அயனிப் பரிமாற்றம்
- எதிர்ச் சவ்வூடுபரவல்
- மேற்பரப்பு இழுவிசை
- மழைநீர் சேகரிப்பு