பொறியின் வலுவும் பந்தயத்தின் நீதியும்

மன்னார்த் தீவின் தென்கரையிலே தாழ்வுபாடு என்னும் மீனவக் கிராமம் அமைந்துள்ளது. அதன் மணற்கரையில் இன்று வரிசையாக நிற்பவை, பின்புறத்தில் சிறிய வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகுகளாகும். பாய் விரித்துத் தொழில் செய்த காலத்தில் காற்று எல்லோர்க்கும் பொதுவாக வீசிற்று. முந்தியவன் தன் திறமையினால் முந்தினான். இயந்திரம் வந்த பின்போ, வென்றது ஆளா, பொறியா என்னும் கேள்வி பிறந்தது. இக்கேள்வியோடு நெடுங்காலம் போராடியவர்கள் மோட்டார்ப் பந்தய விதிகளை வகுத்தோர் ஆவர்.

ஓர் இயந்திரம் எவ்வளவு காற்றை உள்ளிழுக்கின்றதோ, அவ்வளவிற்கே எரிபொருளை எரித்து வலுவைத் தரும். 1905ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி ஒரு வழி கண்டு காப்புரிமை பெற்றார். வீணே வெளியேறும் புகையைக் கொண்டு சக்கரமொன்றைச் சுழற்றி, அச்சுழற்சியால் காற்றை அழுத்தி உள்ளே செலுத்துவதே அவ்வழி. டேர்போ எனப்படுவது இதுவே. சிறிய இயந்திரமும் இதனால் பெரியதன் வலுவைப் பெறும்.

டேர்போ பந்தயத்துக்கு வருமுன்னரே, இயந்திரத்தின் சுழற்சியைக் கொண்டு காற்றை அழுத்தும் கருவி அங்கே வழங்கியது. 1950இல் போர்முலா வண் உலகப் போட்டி தொடங்கியபோது, காற்றை அழுத்திச் செலுத்தும் இயந்திரத்துக்கு 1.5 லீற்றரும், இயல்பாக மூச்சுவிடும் இயந்திரத்துக்கு 4.5 லீற்றரும் எல்லையாக இருந்தன. 1951இல் சில்வர்ஸ்ரோன் களத்தில் இரண்டாம் வகையைச் சேர்ந்த பெராரி, முதல் வகையைச் சேர்ந்த அல்பா றோமியோவை வென்றது. அளவுகோல் ஓரளவு நேரியது என்பதற்கு அது சான்று.

1966இல் அவ்வெல்லைகள் முறையே 1.5, 3 லீற்றர் என மாற்றப்பட்டன. 1977இல் றெனோ நிறுவனம் டேர்போ வண்டியைக் களத்தில் இறக்கியது. அடிக்கடி பழுதுற்ற அவ்வண்டியைப் பலர் நகைத்தனர். ஆயின் 1983இல் நெல்சன் பிக்கே டேர்போ வண்டியிலேயே உலக வீரரானார். வலு மிகுந்து சமன் குலைந்ததால், 1989இல் டேர்போ விலக்கப்பட்டது. 2014இல் மீண்டும் வந்தபோது, எல்லோர்க்கும் ஒரே வகை இயந்திரம் என்பது விதியாயிற்று.

இருவர் அருகருகே அமர்ந்து பாலைவனத்தில் ஓட்டும் சிறு வண்டிகளிலும் இவ்வழக்கு எழுந்தது. தளர்ந்த மணலிலும் நெடிய வெளியிலும் டேர்போ வண்டி முந்துவது இயல்பு. புதுமையைத் தடுப்பது போட்டிக்கு அழகன்று என்பார் ஒருசாரார். பொருளுள்ளவனுக்கே வெற்றி என்றாகிவிடும் என்பார் மற்றொருசாரார். மெக்சிக்கோவின் பாஹாப் பாலைவனப் போட்டியில் இரு வகைகளையும் வெவ்வேறு பிரிவாக்கி இதற்கு விடை கண்டனர்.

தாழ்வுபாட்டுக்கு மீள்வோம். கடலில் நடப்பது விளையாட்டன்று. அங்கே தோற்பவன் இழப்பது பரிசையன்று, அன்றைய உணவை. போர்க்காலத்தில் வடபகுதி மீனவர்க்கு இயந்திர வலுவும் தொழில்நேரமும் கட்டுப்படுத்தப்பட்டிருந்தன. 2009இல் போர் முடிந்து அவர்கள் கடலுக்குத் திரும்பியபோது, பாக்கு நீரிணையில் வலுமிக்க இழுவைப் படகுகள் கடலடியை வாரிச் சென்றுகொண்டிருந்தன. அவற்றின் மடியில் சிறு மீனவரின் வலைகளும் அறுந்தன.

விதி இல்லாமலில்லை. கரையோரத்தின் மூன்று கடல்மைல் தூரத்தைச் சிறு படகுகளுக்கு ஒதுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1983இல் பிறந்தது. இலங்கை 2017இல் இழுவைமடித் தொழிலையே சட்டத்தால் தடைசெய்தது. எனினும், பந்தயக் களத்தில் விதியை மீறியவன் அன்றே விலக்கப்படுகின்றான். பரந்த கடலிலோ நடுவர் கண்ணுக்கு எட்டாதது மிகுதி.

வலுவைப் பெருக்கிய பொறி குற்றவாளியன்று. சமமில்லாதாரை ஒரே கோட்டில் நிறுத்தி, முந்தியவனே தகுதியுடையான் எனத் தீர்ப்பதே குற்றமாகும். பந்தயக்காரர் விளையாட்டுக்காகக் கற்ற இப்பாடத்தை, வாழ்வுக்காகக் கற்க வேண்டிய கடமை கடலின் இருகரையார்க்கும் உண்டு.