வாபஸான வழக்கும் வீழ்ந்த மந்திரி சபையும்

இங்கிலாந்தின் அட்டர்னி ஜெனரல், மன்னரின் பெயரால் குற்ற வழக்குகளை நடத்தும் தலைமை வழக்கறிஞர் என்ற முறையில் நியாயஸ்தலத்துக்கும், ஆளுங்கட்சியின் மந்திரி என்ற முறையில் பார்லிமெண்டுக்கும் ஏககாலத்தில் கடமைப்பட்டவர். 1879ஆம் ஆண்டுச் சட்டம் குற்ற வழக்குகளுக்கென்று தனி இயக்குநர் ஒருவரை ஏற்படுத்திய போதிலும், அவரையும் அட்டர்னி ஜெனரலின் மேற்பார்வையிலேயே வைத்தமையால், இவ்விரட்டை நிலை அப்படியே நீடித்தது. அரசாங்கத்தின் துவேஷம் வழக்குத் தொடுப்பதில்தான் வெளிப்படும் என்பது பொதுவான எண்ணம். ஆனால் சரித்திரத்தை நோக்குமிடத்து, தொடுத்த வழக்கை வாபஸ் வாங்கும் வேளையிலேயே இப்பதவியின் சுதந்திரம் கடுமையான சோதனைக்கு உள்ளாயிற்று என்பது என் துணிபு.

1924 ஜூலை 25ஆம் தேதி, கம்யூனிஸ்ட் கட்சியின் 'ஒர்க்கர்ஸ் வீக்லி' என்னும் வாரப் பத்திரிகை, போரிலாயினும் வேலைநிறுத்தத்திலாயினும் உழைப்பாளிகளைச் சுடாதீர்கள் என்று படைவீரர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதத்தை வெளியிட்டது. ராம்ஸே மக்டொனால்டின் தலைமையில் அமைந்திருந்த முதல் தொழிற்கட்சி மந்திரி சபையின் அட்டர்னி ஜெனரலாகிய ஸர் பாட்ரிக் ஹேஸ்டிங்ஸ், 1797ஆம் ஆண்டின் ராணுவக் கலகத் தூண்டுதல் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடர இசைந்தார். ஆகஸ்டு 5ஆம் தேதி, தற்காலிக ஆசிரியரான ஜே. ஆர். காம்பெல் கைதானார். அவரோ முதல் உலகப் போரில் கால்கள் சிதைந்து, வீரப்பதக்கம் பெற்றவர்! இத்தகையவரை ராஜத்துரோகியாக ஜூரிகள்முன் நிறுத்தினால் வழக்கு என்னவாகும் என்பதை அறிய பெரிய வழக்கறிஞனாக இருக்க வேண்டியதில்லை.

தொழிற்கட்சி உறுப்பினரிடையே எழுந்த ஆத்திரத்தையடுத்து, மறுநாள் கூடிய மந்திரி சபை, அரசியல் தன்மையுள்ள வழக்கு எதுவும் தன் முன்னனுமதியின்றித் தொடுக்கப்படலாகாது என்று முடிவு செய்தது. ஆகஸ்டு 13ஆம் தேதி வழக்கு கைவிடப்பட்டது. வாபஸுக்கு ஹேஸ்டிங்ஸ் சொன்ன காரணங்கள் நியாயமானவையே; ஆனால் மந்திரி சபையின் அம்முடிவின் பின்னணியில் அவை நம்பத்தக்கவையாய்த் தோன்றவில்லை. போதாக்குறைக்கு, தம்மை யாரும் கலந்தாலோசிக்கவில்லை என்று செப்டம்பர் 30ஆம் தேதி காமன்ஸ் சபையில் கூறிய பிரதமர், அதனைப் பின்னர் திருத்திக்கொள்ள நேர்ந்தது. அக்டோபர் 8ஆம் தேதி, விசாரணைக் குழு வேண்டுமென்ற லிபரல் கட்சியின் திருத்தம் 364க்கு 198 என்ற வாக்குகளால் நிறைவேற, பார்லிமெண்டு கலைக்கப்பட்டது.

தேர்தலுக்குப் பின் வந்த கன்சர்வேடிவ் கட்சிப் பிரதமர் பால்ட்வினின் மந்திரி சபை, முன்னனுமதி விதியை உடனே ரத்து செய்தது. மறு ஆண்டிலோ, அதே 1797ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கையிலெடுத்து, பன்னிரண்டு கம்யூனிஸ்ட்களை அட்டர்னி ஜெனரல் ஸர் டக்ளஸ் ஹாக் ஓல்ட் பெய்லியில் நிறுத்தினார். அவர்களுள் காம்பெலும் ஒருவர். அவருக்கு ஆறு மாதச் சிறை. முந்திய வருஷம் வாபஸைக் கண்டித்த கட்சிக்கு, இந்தத் தொடுப்பில் அரசியல் எதுவும் தென்படாமற் போனது வியப்புக்குரியதுதான்.

இவ்விவாதத்துக்குத் தெளிவானதொரு வரம்பைக் காட்டியவர், நூரம்பர்க் விசாரணையில் பிரிட்டனின் தலைமை வழக்கறிஞராக விளங்கிய ஸர் ஹார்ட்லி ஷாக்ராஸ். சட்டவிரோத வேலைநிறுத்தங்களைப் பற்றிய சர்ச்சையில், 1951 ஜனவரி 29ஆம் தேதி, அட்டர்னி ஜெனரலாக அவர் அளித்த விளக்கத்தின் சாரம் இது: குற்றமென்று ஐயப்படும் ஒவ்வொன்றுக்கும் வழக்குத் தொடுத்தே தீரவேண்டும் என்ற நியதி இந்நாட்டில் இருந்ததில்லை, பொதுநலனை அறியும் பொருட்டு, சக மந்திரிகளின் கருத்தை அட்டர்னி ஜெனரல் கேட்கலாம், சில வேளை கேட்கவும் வேண்டும், ஆயினும் அவர்கள் தகவல் கூறலாமேயன்றிக் கட்டளையிட முடியாது, முடிவும் அதன் பொறுப்பும் அவர் ஒருவருக்கே உரியவை. அதே ஆண்டு ஏப்ரலில், துறைமுகத் தொழிலாளர் எழுவர்மீது தொடுத்திருந்த வழக்கை, விசாரணை நடந்தபின் தாமே கைவிட்டார் ஷாக்ராஸ். மந்திரி சபை அதனால் கவிழவில்லை. அக்டோபர் தேர்தலில் தொழிற்கட்சி தோற்றதன் காரணங்கள் வேறு.